நீல ரோஜாவா, ஊதா ரோஜாவா?

ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-இல் ‘அப்ளாஸ்’ என்ற புதிய ரோஜாவை விற்பனைக்கு விட்டது. நீல ரோஜா என்பது விளம்பரம். பெயரைச் சொல்லாமல் அதன் படத்தை நண்பரிடம் காட்டுங்கள்; கத்தரிப்பூ நிறம் என்றுதான் சொல்வார்!

ரோஜாவில் இயல்பாக உண்டாகாத டெல்ஃபினிடின் என்ற நிறமியை, பான்சிச் செடியின் ஜீனைப் புகுத்தி உண்டாக்கினார்கள். அரிய சாதனைதான். ஆனால் அந்த நிறமி இருந்துவிட்டால் மட்டும் பூ நீலமாகிவிடாது. இதழ் நீலமாகத் தெரிய வேண்டுமானால், அது சிவப்பு, மஞ்சள் ஒளியை நன்கு உறிஞ்ச வேண்டும். ரோஜா இதழின் செல்சாறோ அமிலத்தன்மை மிக்கது. அதில் இந்த நிறமி சிவப்பு ஒளியை வெளியே விட்டுவிடுகிறது. சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், விளங்கும்.

அதே சங்குப்பூவின் ஜீன் ஒன்றையும், கம்பானுலாச் செடியின் ஜீன் ஒன்றையும் சாமந்தியில் சேர்த்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் நீலச் சாமந்தியை அறிவித்தார்கள். நிறமியோடு குளுக்கோஸ் இணைந்தது. சாமந்தியில் முன்பே இருந்த நிறமற்ற பொருள்களும் துணைநின்றன. நிறத்தை அளந்து, நிற அட்டையோடு ஒப்பிட்ட பிறகே அவர்கள் நீலம் என்றார்கள். பூ வாங்குபவரும் அந்த அட்டை எண்ணைக் கேட்கலாமே!