ரீபேக் – கிரீஸ் புகைந்த கதை

பில்லி சாவேஜ் 2006இல் எடுத்த 'க்ளங்கர்ஸ்' ஆவணப்படத்தை மூணாவது தடவையா பார்த்தேன். 1970களில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் மவுண்டன் பைக் உருவான கதை. கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ், சார்லி கெல்லி என்று சம்பந்தப்பட்டவர்களே பேசுகிறார்கள். படத்தின் பலம் அதுதான். பலவீனமும் அதுவே: யார் முதலில் செய்தது என்ற பக்கமே நம் மனசு போய்விடுகிறது.

எனக்கு அதைவிட முக்கியம் ஒரு பெயர். 1976 அக்டோபரில் ஆரம்பித்த அந்த மலையிறக்கப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. மூணு கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். பழைய ஷ்வின் ஃபிரேம்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். பிரித்து, புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த வேலைதான் பந்தயத்துக்கே பெயர் ஆச்சு!

இந்த இடத்தில் படம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். 1977இல் ப்ரீஸ் புதிதாக ஒரு ஃபிரேமையே கட்டினார். பழைய சைக்கிளில் எது தாங்கும், எது தாங்காது என்பது அதற்குள் அவர்களுக்கு அத்துப்படி. கண்டுபிடிப்பு அந்தக் கிரீஸ் கையில் தொடங்கியது என்றே நினைக்கிறேன்.

சொல்கிற நான் யோக்கியமா? என் பைக்கின் முன் ஃபோர்க்குக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ். ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு பிரித்தால், எண்ணெய் டிகாக்‌ஷன் மாதிரி கொட்டுச்சு.