பொருத்து அறிந்த கத்தி

கறி வாங்க ஏழு மணிக்குப் போனால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கே சேக்காட்டுக் கறிக்கடையில் போய் நின்றுவிடுவேன், கடைக்கார பாய் ஆட்டை உரிப்பதைப் பார்க்க.

பின்னங்காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். கால்களின் உட்புறம் ஒரு கீறல், வயிற்றின் நடுவே ஒன்று. உரிப்பதில் கத்திக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. பிறகு கையை முட்டியாக மடக்கி, தோலுக்கும் கறிக்கும் இடையே விட்டுத் தள்ளிக்கொண்டே போவார். கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்கு விலை இறங்கும். உப்புப் போட்டுப் பெரியமேட்டு மண்டிக்கோ ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளுக்கோ போக வேண்டிய சரக்கு அது.

அடுத்து வயிற்றைத் திறப்பது. இங்கேதான் எனக்கு மூச்சு நிற்கும். கத்தி முனையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்து, இரண்டு விரலை உள்ளே முட்டுக்கொடுத்துக் கீறுவார். குடலில் முனை பட்டால் கறி முழுக்க நாறும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பை உடைந்தால் ஈரல் கசந்துவிடும். இரைப்பையை ஒட்டிக் கிடக்கும் சுவரொட்டியைக் கிழியாமல் பிரித்து வைப்பார். ரத்தசோகைக்காரர் வீட்டிலிருந்து யாராவது அதற்கென்றே வந்து காத்திருப்பார்கள்.

துண்டாக்குவதில்தான் அவருடைய அறிவு தெரியும். முன்னங்கால் சப்பை எலும்பு விலாவோடு எலும்புப் பொருத்து ஏதும் இல்லாமல் தசையால் மட்டுமே பிடித்திருக்கிறது. காலைத் தூக்கி நான்கு இழுப்பு இழுத்தால் கத்திக்கே வந்துவிடும். பின்சந்தில் பந்துக்கிண்ணப் பொருத்து. காலை அகட்டி, கிண்ணத்தைத் திறந்து, உள்ளிருக்கும் நாரை ஒரு வெட்டு. "எலும்பை அடிக்கக் கூடாது சார், பொருத்தத் தேடணும்; கத்தி தானா போவும்" என்பார். வெட்டுக்கத்தி புளியமரக் கட்டைமேல் இறங்குவது அதற்குப் பிறகுதான். அடர்ந்த மரம், சிராய் எழாது.

அமெரிக்க மலைக்காடுகளில் எல்க் என்னும் பெரிய மானைச் சுடும் வேட்டைக்காரர்களுக்கும் இதே பாடம்தான். சாலை எங்கோ இருக்கும். எல்க்கை முழுதாகத் தூக்க முடியாது. விழுந்த இடத்திலேயே உரித்து, பொருத்துப் பிரித்து, நான்கு கால்களாக்கி, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு முதுகில் சுமப்பார்கள். அவர்களுக்கும் பாய்க்கும் ஒரே எதிரி சூடு. உடலின் சூடு எலும்போரம் தங்கினால் கறி அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கும். சென்னை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் விடியற்காலை வேலை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. நல்ல காரியம். காட்டில் இருந்த கைத்திறன் கறிக்கடையிலும், ஊர்ப்பக்கம் பங்குக்கறி போடும் இடத்திலும் உயிரோடிருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கி, ஓலைப்பாயில் கூறு போடுவார்களே, அதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். ஒவ்வொரு கூறிலும் ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, நெஞ்செலும்பு, தொடைக்கறி எல்லாம் விழ வேண்டும். கூறு போட்டவர் கடைசியாகத் தன் பங்கை எடுப்பதுதான் மரியாதை.

நல்ல கறிக்காரரை அறிய வழி எளிது. குழம்பைச் சாப்பிடும்போது பல்லில் எலும்புத் தூள் நெருடக் கூடாது. எங்கள் பாயின் கறியில் நெருடுவதில்லை. உங்கள் கடையில் நெருடினால், அடுத்த வாரம் விடியற்காலையில் போய் நின்று அவர் கையைப் பாருங்கள்.