எதுகையும் பொருளும்

அடிகளின் முதலெழுத்துத் தம்முள் அளவொத்து நிற்ப, இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை. 'பட்டு' என்பதற்குக் 'கட்டு' எதுகையாம். முதலெழுத்தின் மாத்திரை வேறுபடுதலின் 'பாட்டு' எதுகையாகாது. ஆங்கிலம், பாரசீகம் முதலிய மொழிகளின் பாக்கள் பெரும்பாலும் அடியிறுதியில் ஒலியொப்புமை நாடுவன. இறுதியொப்புமையாகிய இயைபு நம் நூலோர்க்கும் உடன்பாடே. ஆயினும் தமிழ்ச்செய்யுளிற் பெருவழக்கினது அடிமுதலில் நிற்கும் எதுகையே. அஃது அடியின் முதற்சொல்லை வரையறுத்தலின், அடியின் பொருளும் அச்சொல்வழியே செல்லும். எதுகையின் அழகும் இடரும் இதன்கண் உள்ளன.

அண்மையில் ஓரன்பர் தாம் யாத்த பதிகமொன்றை எமக்குப் படித்துக்காட்டினார். ஓசை குறைவற்றது. ஆயின் ஒரு விருத்தத்தில், உயிர் சிவத்திற் 'கரைந்து' ஒழிந்ததென்றிருந்தது. உயிர் என்றும் உள்பொருளென்பது சித்தாந்தத் துணிபன்றோ என வினவினேம். "'நிறைந்து' என்றே எண்ணினேன், முதலடி 'விரைந்து' எனத் தொடங்கியமையின், ரகரத்திற்கு றகரம் எதுகையாகாமை கண்டு மாற்றினேன்" என்றார். அவர் இலக்கணம் கற்றவரே; எனினும் ஓரெழுத்தைக் காத்தற்பொருட்டு ஒரு கொள்கையைக் கைவிட்டார்.

எதுகை நெருக்கிற்றென்பது தக்க விடையன்று. நூலோர் எதுகையை விலங்காகப் பூட்டினாரல்லர். அவ்வெழுத்தே வாராதவழி அதன் வருக்கமும் இனமும் வரலாம் என்றும், 'மாக்கள்', 'வாழ்க்கை' என்றாற்போல இடையே ஓரொற்று ஆசாக வரலாமென்றும் யாப்பருங்கலக்காரிகை இடந்தருகின்றது. இத்தொடைகளின் வேறுபட்டு வருஞ் செந்தொடையையும் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார். விருத்தத்திற்கு நான்கடியும் எதுகை வேண்டுமெனின், முதலடியை 'உறைந்து' எனத் தொடங்கியிருக்கலாமே! மாற்றற்குரியது சொல்லேயன்றிப் பொருளன்று.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிற் செய்தது காண்க. தாளுந் தலையும் புணர்ந்து 'தாடலை' என ஒருசொன்னீர்மைப்பட்டும் இரண்டும் கெடாது நிற்குமாறுபோல, முத்தியில் உயிர் சிவத்தோடு கூடும் என்பது அவர் கருத்து. 'தாடலை' என்னும் உவமைக்கு அவர் அமைத்த எதுகை 'கூடலை' என்பது. உவமையும் பொருளும் இரண்டடியின் முதலில் நின்று ஒலியானுங் கூடின. ஆங்கு எதுகை பொருளைத் திரித்திலது; விளக்கிற்று.

அன்பர் அவ்விருத்தத்தைத் திருத்தித் தருவதாகக் கூறிச் சென்றனர். புதியன பாடுவோர் சொல்லைத் தேடுமுன் சொல்லற்பாலதைத் துணிக. துணிந்தார்க்கு எதுகை ஏவல்செய்யும். துணியாதார் எதுகைக்கு ஏவல்செய்வர்.