'யாத்ரா' தொடரும் நமது ஆற்றுப்படையும்

வழிப்பயணத்தைப் பொருளாகக் கொண்ட இலக்கியம் தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் இளந்தம்பதியர் இருவர், கவுந்தியடிகள் வழித்துணையாக, புகாரை விட்டு மதுரை நோக்கி நடக்கின்றனர். இம்மரபை மனத்திற் கொண்டு, தொலைக்காட்சியில் வந்த ஒரு பயண நாடகத்தை ஆராய்வது மும்பைவாழ் தமிழருக்குப் பயன் தரும் என எண்ணுகிறோம். ஷியாம் பெனகல் இயக்கி, 1986-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'யாத்ரா' என்னும் இந்தித் தொடரே அது.

அந்நாளில் கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை சென்ற ஹிம்சாகர் விரைவு வண்டியே அதன் களம். ஓம் புரி ஏற்று நடித்த கோபாலன் நாயர் என்னும் படைவீரர் அவ்வண்டியில் வடக்கே செல்கிறார். வழியில் ஏறுவோர், இறங்குவோர் வாழ்க்கைகளே கதைகளாக விரிகின்றன. இரயில்வே துறையின் ஆதரவில் உருவான தொடராயினும், அது வெறும் விளம்பரமாகத் தாழ்ந்துவிடவில்லை. ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்போர், ஊரில் அண்டை வீட்டாரிடமும் சொல்லாததை வழியில் கண்டவரிடம் சொல்லும் மனித இயல்பை பெனகல் நன்கு பிடித்திருக்கிறார்.

அமெரிக்காவில் 1960 முதல் 1964 வரை ஒளிபரப்பான 'ரூட் 66' என்னும் தொடரை இங்கு ஒப்பிடலாம். இளைஞர் இருவர் ஒரு காரில் ஊர் ஊராகச் செல்வர். கிடைத்த வேலையைச் செய்து, அவ்வூராரின் இன்பதுன்பங்களிற் பங்கு கொண்டு, அடுத்த ஊருக்குப் புறப்படுவர். இரு தொடர்களும் அரங்கை விட்டு வெளியேறி, மெய்யான நிலத்தைக் காட்டியவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க இளைஞருக்குப் போய்ச் சேர வேண்டிய இடமில்லை. அலைதலே அவர்தம் விருப்பம். நம் படைவீரருக்கோ கடமை காத்திருக்கிறது.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பயணம் ஒன்றுண்டு, அதுவே நம்முடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த இளைஞர் விருப்பத்தால் அலைந்தவரல்லர், ஆணையால் வந்தவருமல்லர். முன்னே வந்த மாமனோ சித்தப்பனோ, 'தாதரில் இறங்கு, இன்னாரைக் கேள், இவ்வழியே வா' என எழுதிய கடிதத்தை நம்பி வந்தவர். பரிசில் பெற்று மீள்பவன் வறியவனுக்கு வழியும் வள்ளலும் கூறி ஆற்றுப்படுத்துவது போன்றதே இது. ஆற்றுப்படை மன்னர் புகழ் பாடும் நூல் மட்டுமன்று. புலம்பெயர்வோர் இலக்கியமுமாகும் என்பது நம் கருத்து.

'யாத்ரா'வின் குறை இவ்விடத்தே புலனாகிறது. இத்தொடர் நாட்டின் நீளத்தை அளக்கிறது, அதைப் பாராட்டுகிறோம். ஆயினும் வண்டியிற் சந்தித்தோர் நிலையத்திற் பிரிந்துவிடுகின்றனர். முன்னவர் பின்னவருக்கு வழி காட்டும் உறவு அதன் மையமாகவில்லை. ஹிம்சாகர் வண்டி கேரளம், கோவை, சேலம், நாக்பூர், தில்லி வழியே செல்வது, மும்பையைத் தொடாதது. நம் கதை அவ்வண்டியில் ஏறாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்!

மற்றொன்று மொழி. குமரியிற் புறப்படும் வண்டியின் கதை இந்தியிலேயே சொல்லப்பட்டது. தேசிய ஒளிபரப்பின் இயல்பு அது என்பதை மறுப்பதற்கில்லை. அந்நாளில் செம்பூரில் அண்டை வீட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்து அதனைக் கண்டோம். நம் தாயாருக்கு இந்தி தெரியாது. "ஏலே, அந்த ஆளு என்ன சொல்லுதான்?" என அடிக்கடி கேட்பார். பள்ளியிற் கற்ற சிறிது இந்தியைக் கொண்டு, தெரிந்ததைச் சொல்லியும் தெரியாததைப் புனைந்தும் தமிழாக்குவோம். பின்னாளில் அதே தொடரை மீண்டும் கண்டபோது, நாம் புனைந்த சில இடங்கள் மூலத்தினும் நன்றாயிருந்தன என்று தோன்றியது!

அண்மையில் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு நாகர்கோவில் வண்டியில் ஊர் சென்றோம். மதுரையில் ஏறிய மூதாட்டி ஒருவர் நம் மகளை அருகிழுத்து, "நீ எந்தூரு, தாயி?" என்று வினவினார். மகள் நம் பக்கம் திரும்பி, அவர் கேட்டது என்னவென்று இந்தியிற் கேட்டாள். அன்று தாயாருக்காக இந்தியைத் தமிழாக்கிய நாம், இன்று மகளுக்காகத் தமிழை இந்தியாக்கினோம். விடை சொல்வதற்கோ நாமும் தயங்கினோம். செம்பூர் என்பதா, திருநெல்வேலி என்பதா?

அக்கேள்வியை 'யாத்ரா' எழுப்பவில்லை. எழுப்பவில்லை என்பதை உணரச் செய்ததும் அத்தொடரே. நல்ல படைப்பு தான் சொல்லாதுவிட்டதையும் நம்மைத் தேட வைக்கும். ஓம் புரி 2017-லும், பெனகல் 2024-லும் மறைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற இவ்வண்டியில் நம் பிள்ளைகளையும் ஏற்றுவோம். ஒரு மாலை அவர்களோடு அமர்ந்து இத்தொடரைக் காண்போம். காட்சிக்குக் காட்சி அதனைத் தமிழிற் சொல்லும் பொறுப்பை இம்முறை பிள்ளைகளிடம் விடுவோம். தடுமாறினால் எடுத்துக் கொடுப்போம். அம்மூதாட்டியின் கேள்விக்கு என்ன விடை கூறுவது என்பதை அவர்களே பின்னர் முடிவு செய்யட்டும். கேள்வியாவது அவர்களுக்குப் புரிய வேண்டுமல்லவா? முன்னே வந்தவர் பின்னே வருபவருக்குச் செய்ய வேண்டிய ஆற்றுப்படை இன்று அதுவே.