பெயரை விரலால் மூடிப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்காரர் கதவைத் தட்டினார். கையில் தடிமனாக ஒரு ஃபைல். பின்னால் அவர் பெண்.

“சார், பொண்ணு பரதநாட்டியம் ஆடறா, தெரியுமில்லையா? ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்றோம். பேப்பர்ல வந்த விமர்சனத்தை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன். எதை மேல வைக்கலாம்னு நீங்க பார்த்துச் சொல்லணும். நீங்கதான் இந்த லைன்ல இருக்கீங்களே!”

பதினான்கு நறுக்குகள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. தேதி, சபா பெயர் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில். ஒரு வங்கி லோன் ஃபைல்கூட இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறாவது நறுக்கு வந்தபோது, முதல் நறுக்கையே மறுபடி படிக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். “அங்கிள், ஒரு டெஸ்ட் பண்ணுங்க. என் பேர் வர்ற இடத்தை விரலால மூடிக்கிட்டுப் படிங்க. இது யாருன்னு சொல்ல முடியுதா?”

மூடினேன். படித்தேன். ‘அழகிய முகபாவங்களாலும் அங்கசுத்தமான அடவுகளாலும் ரசிகர்களின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டார்.’ இது இந்தப் பெண்ணாக இருக்கலாம். இவளுடைய டீச்சராக இருக்கலாம். மறுநாள் அதே மேடையில் ஆடிய இன்னொரு பெண்ணாகவும் இருக்கலாம். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற சட்டை யாருக்காகவும் தைத்ததில்லை, இல்லையா?

அன்று சாயங்காலம் என் வீட்டில் கிடந்த பழைய சங்கீத விமர்சனங்களை எடுத்து அதே சோதனையைச் செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம், செலவில்லாத பொழுதுபோக்கு. ஆலாபனை எப்போதும் ‘சௌக்கியமாக’ இருக்கும். நிரவல் ‘நெஞ்சை அள்ளும்’. வயலின்காரர் ‘நிழல்போலத் தொடர்வார்’. மிருதங்கக்காரர் ‘அனுசரணையாக’ வாசிப்பார். தனி ஆவர்த்தனம் ‘களை கட்டும்’. கடைசியில் துக்கடாக்கள் வந்து ‘நிறைவு’ தரும். வர்ணத்தில் ஆரம்பித்து மங்களத்தில் முடியும் இந்த வரிசை, கச்சேரியைப் பற்றிய அபிப்பிராயம் இல்லை. ஹவுசிங் சொசைட்டி கூட்டத்தின் மினிட்ஸ். யார் யார் ஆஜர், என்னென்ன தீர்மானம், டீயுடன் கூட்டம் இனிதே முடிந்தது!

ஊரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்பு நான் ஒரு பத்திரிகையில் புது நிருபர். ஒரு மார்கழியில், வழக்கமாக எழுதுகிறவருக்கு ஜுரம். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். “நீ பி.காம்.தானே? கணக்கு வரும்ல? தாளமும் கணக்குதான்யா, போ!” போனேன். சபா செயலாளர் முன்வரிசையில் உட்கார வைத்து, பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகத்தான் கேட்டேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்தது. நானும் எழுந்தேன். ரவா தோசை நன்றாக இருந்தது. பக்கம் முடிக்கிற நேரமாகிவிட்டது என்று அப்படியே ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். தனி களை கட்டியது. முத்தாய்ப்பாக வந்த தில்லானா துள்ளியது.

அச்சில் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வேறொரு சபா வாசலில் அந்தப் பாடகரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, தில்லானா ரொம்ப நல்லா இருந்ததாமே? அன்னிக்கு நேரமில்லைன்னு அதை நான் பாடவே இல்லை. பாடாததே அவ்வளவு நல்லா இருந்தா, பாடினதைப் பத்தி நீங்க எழுதினதை நான் எப்படி எடுத்துக்கறது?”

இதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அடுத்து நடந்தது. அன்று மிருதங்கம் வாசித்த பெரியவர் அங்கேயே நின்றிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “முப்பது வருஷமா வாசிக்கறேன்பா. ‘அனுசரணையாக வாசித்தார்’னுதான் எல்லாரும் எழுதுவா. என் தனியைப் பத்தி முழுசா ஒரு வரி எழுதினது நீ ஒருத்தன்தான்.” அந்த ஒரு வரியை எழுதியவன், அவர் வாசித்த நேரத்தில் சட்னி கேட்டுக்கொண்டிருந்தான். அந்த உண்மையை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை. பிறகு சொல்ல அவர் இல்லை.

பி.காமில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் எல்லா மாணவனும் மனப்பாடம் செய்கிற ஒரு வழக்கு, 1896-ல் இங்கிலாந்தில் ஒரு காட்டன் மில் சம்பந்தமாக நடந்தது. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்றது கோர்ட். அதாவது, எல்லோரையும் திருடன் என்று நினைத்து மோந்துகொண்டே திரிய வேண்டாம். ஆனால் கண்ணெதிரே தப்பு நடந்தால் குரைத்தாக வேண்டும்.

நாய் என்றதும் சுப்புடு ஞாபகம் வருகிறதா? வராமல் இருக்காது. ‘நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதி இல்லை’ என்று ஒரு சபாவில் போர்டு வைத்தார்கள் என்ற கதை சென்னையில் இன்றும் உலவுகிறது. 1917-ல் பிறந்து 2007-ல் மறைந்த சுப்புடு, பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் வந்தவர். டெல்லியில் அரசாங்க உத்தியோகம். தானே ஹார்மோனியம் வாசிப்பார். இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதினார். அவர் எழுதினால் கலைஞருக்குக் கோபம் வரும், ரசிகருக்குச் சிரிப்பு வரும், மறுநாள் கேன்டீனில் அதுதான் பேச்சு.

அவருக்கு முன்னால் கல்கி. 1930-களில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியவர். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘கர்நாடகம்’. சங்கீதத்தின் பெயரும் அதுதான். பழம்பசலி ஆசாமியைக் கிண்டல் செய்கிற வார்த்தையும் அதுதான். பெயரிலேயே தன்னைக் கேலி செய்துகொண்டு ஆரம்பித்ததால், அடுத்தவரைக் கேலி செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது! அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமே 1938-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் தூரத்து ஊரில் இருந்த வாசகருக்கு, மெட்ராஸ் கச்சேரி என்பது எட்டாத விஷயம். அவருக்குக் கல்கியின் விமர்சனம், ‘நான் போயிருந்தேன், இப்படி இருந்தது’ என்று ஊருக்குப் போய் வந்த அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மாதிரி.

‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சொல்ல வருகிறேன் என நினைத்துவிடாதீர்கள். அப்போதும் அநியாயங்கள் உண்டு. ஆடுகிற பெண்ணின் உடம்பைக் கிண்டல் செய்வதை விமர்சனம் என்று நினைத்துக்கொண்ட காலமும் உண்டு. ‘மேடை தாங்கியதே பெரிய விஷயம்’ என்கிற மாதிரி ஒரு வரிக்குச் சபையே சிரிக்கும். அதில் அந்தப் பெண் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதுவும் விரலால் மூடிப் பார்க்கிற சோதனையில் தோற்றுப்போகிற வரிதான். கொஞ்சம் பருமனான எவருக்கும் பொருந்திவிடும். திட்டுவது வேறு, உண்மை சொல்வது வேறு. புகழ்ச்சியில் சோம்பேறித்தனம் இருக்கிற மாதிரி திட்டிலும் சோம்பேறித்தனம் உண்டு.

அப்படியானால் நல்ல விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்களா? ‘கல்யாணி ஆலாபனை ரசிகர்களைக் கட்டிப்போட்டது’ என்பது ஒரு வகை. இன்னொரு வகை இது: ‘மேல் ஷட்ஜத்தைத் தொட்டபோது குரல் மயிரிழை இறங்கியது. அதை மறைக்க வேகமாக ஓடாமல், நிதானமாகக் கீழே வந்து காந்தாரத்தில் நின்று ராகத்தைக் காப்பாற்றினார்.’ இதில் குறையும் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது. ராக லட்சணம் தெரியாத நானும் நீங்களும்கூட அடுத்த தடவை அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்வோம். பாடகருக்கும், ‘நம்மை ஒருத்தன் கேட்டிருக்கிறான்’ என்று தெரியும்.

ஏன் இப்படி எழுதுவதில்லை? எழுதுகிறவர்கள் எல்லோரும் ஞானசூனியங்கள் என்று சொன்னால் பாவம். விஷயம் தெரிந்தவர்கள், ராத்திரி வரை உட்கார்ந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சபா உலகம் ரொம்பச் சின்னது. இன்று குறை எழுதப்பட்டவரை நாளைக்குக் காபி கவுன்ட்டரில் பார்க்க வேண்டும். எழுதுகிறவரின் பெண், பாடுகிறவரிடமே பாட்டு கற்றுக்கொள்வாள். உள்ளே போக பாஸ் கொடுத்தது செயலாளர். மார்கழியில் ஒரே நாளில் நகரம் முழுக்கக் கச்சேரி. பேப்பரில் கிடைப்பதோ கையகல இடம். அதில் நாலு கச்சேரியை அடைக்க வேண்டும். மிருதங்கத்துக்கு ஒரு வார்த்தைக்கு மேல் எப்படிக் கிடைக்கும்?

தவிர, விமர்சனம் யாருக்காக என்பதே மாறிவிட்டது. வாசகருக்காக எழுதியது போய், ஃபைலுக்காக எழுதுவது வந்துவிட்டது. விண்ணப்பத்தோடு இணைக்க, வெளிநாட்டுச் சபாவுக்கு அனுப்ப, அழைப்பிதழின் பின்பக்கம் போட. ஆடிட்டிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. ‘குவாலிஃபைடு ரிப்போர்ட்’ என்றால் நல்ல ரிப்போர்ட் என்று நினைப்பீர்கள். இல்லை! ‘இதெல்லாம் சரி, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை’ என்று ஆடிட்டர் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர். எல்லாக் கம்பெனிக்கும் எல்லா வருஷமும் சுத்தமான சர்டிபிகேட்டே கொடுக்கும் ஆடிட்டரை நம்பிப் பணம் போடுவீர்களா? அப்புறம் எல்லாக் கச்சேரியையும் ‘நிறைவு’ என்று எழுதும் பக்கத்தை மட்டும் எப்படி நம்புவது?

இதில் நஷ்டம் யாருக்கு? பெரிய வித்வான்களுக்கு ஒன்றுமில்லை. நஷ்டம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற புது ரசிகருக்கு. அன்று பாட்டு நிஜமாகவே சுமார். அவருக்குச் சலிப்பாக இருந்தது. மறுநாள் பேப்பரில் ‘சபை மெய்ம்மறந்தது’ என்று படிக்கிறார். பேப்பர் தப்பு என்று அவருக்குத் தோன்றாது. ‘நமக்குத்தான் ஞானம் பத்தவில்லை, இது நம்ம இடமில்லை’ என்று தோன்றும். அவர் அடுத்த மார்கழிக்கு வர மாட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து, ‘ஜனங்களுக்கு ரசனை போயிடுத்து’ என்று நாம் அங்கலாய்ப்போம்.

இன்னொன்று. 2020 மார்கழியில் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்கு வந்தன. அதன் பிறகு எத்தனையோ கச்சேரிகளின் வீடியோவை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பாடாத தில்லானாவைப் பற்றி இனிமேல் யாராவது எழுதினால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், அரைமணியில் மானம் போய்விடும். கணக்குப் புத்தகம் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால் ‘என்ன பாடினார்’ என்று சொல்ல விமர்சகர் தேவையில்லை. ‘எப்படிப் பாடினார், ஏன் அந்த இடம் உங்கள் கண்ணை நனைத்தது, ஏன் இந்த இடத்தில் நெளிந்தீர்கள்’ என்று சொல்லத்தான் அவர் தேவை. முன்னைவிட அதிகமாகவே தேவை.

வருகிற மார்கழியில் நீங்களும் ஒன்று செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இரண்டே வரி எழுதிக்கொள்ளுங்கள். பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. ராகம் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. மறுநாள் பேப்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கியமாக, தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள். தோசை எங்கேயும் ஓடிவிடாது.

மூன்றாவது மாடிக் கதையை முடிக்கவில்லையே! பதினான்கையும் பார்த்துவிட்டு, “வேற எதுவும் இல்லையா?” என்று கேட்டேன். அப்பா தயங்கினார். “ஒண்ணு இருக்கு சார். அது நெகடிவ், வேண்டாம்னு வெளியே எடுத்துட்டேன்.” அந்தப் பெண் மாடிக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். ஒரு சின்ன பேப்பர், நாலே வரி. ‘வர்ணத்தில் மூன்றாவது ஜதிக்குப் பிறகு அரைமண்டி நிமிர்ந்துவிட்டது. களைப்பு தெரிந்தது. ஆனால் அபிநயத்தில் தோழியிடம் கோபித்துக்கொண்டு முகம் திருப்பிய இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.’

“இதை எழுதினவர் முழுசா உட்கார்ந்து பார்த்திருக்கார் அங்கிள்” என்றாள். அந்த நறுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறையில் இல்லை. மடித்து மடித்து நைந்துபோயிருந்தது.

இதைத்தான் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கணும் என்று அப்பாவிடம் சொன்னேன். மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். லிஃப்ட்டில் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்.