சாலை அகலமானால் சாமைக்கு விலை கூடுமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டிப் போளூருக்கு முன்னால் வரும் ஊர் சந்தவாசல். மேற்கே திரும்பினால் படவேடு, அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. இந்த வட்டாரத்தில் வளர்ச்சி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் கோரிக்கை சாலைதான். நெடுஞ்சாலை அகலமானால் தொழில் வரும், விளைச்சலுக்கு விலை வரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் எந்தச் சாலை, யாருக்கு என்று பிரித்துக் கேட்காததால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே சாலையில், அடுக்கம்பாறையில் இருக்கிறது. பிரசவமானாலும் விபத்தானாலும் சந்தவாசல்காரர்கள் ஓட வேண்டிய வழி இது. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டமும், ஆடியில் படவேடு ரேணுகாம்பாள் கோயில் கூட்டமும் சேரும்போது இங்கே ஏற்படும் நெரிசல் உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ஒரு காரணமே சாலையைச் சீராக்கப் போதும்.

ஆனால் 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் நடந்ததை மறக்க முடியாது. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. மேலே வண்டி ஏறாததால், உடலைத் தாய் கையில் சுமந்து மலை ஏறினார். கீழே நான்கு வழிச்சாலை இருந்திருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு என்ன பயன்? அவர்களுக்குத் தேவைப்பட்டது அடிவாரத்திலிருந்து குடியிருப்புக்கு ஏறும் சில கிலோமீட்டர் பாதை.

பொருளாதாரக் கணக்கும் இப்படித்தான். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் விளைச்சலில் சாமையும் புளியும் முக்கியமானவை. இரண்டும் ஓரிரு நாளில் அழுகுபவை அல்ல. மாசி தொடங்கிப் புளி உலுக்கும் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை இறங்குகிறது. வைத்திருந்து விற்கக் கிடங்கு வேண்டும். புளியின் நிறம் கறுக்காமலிருக்கக் குளிர்பதன அறை வேண்டும். சாமையை உமி நீக்கி அரிசியாக்கி விற்றால் கிடைக்கும் விலை வேறு. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம் இந்த வழியில்தான் முயல்கிறது. கிடங்கும் அரவை இயந்திரமும் இல்லாத ஊருக்கு நல்ல சாலை போட்டால் வியாபாரியின் லாரி சீக்கிரம் வரும். அவர் சொல்லும் விலை மாறாது.

இது வெறும் ஊகமன்று. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விளைவுகளைச் சாம் ஆஷர், பால் நோவோசாத் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் பலர் விவசாய வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள். விளைச்சலிலோ வருமானத்திலோ சொல்லும்படியான உயர்வு இல்லை. வெளியே போய்ப் பிழைக்க வழி கிடைப்பதும் ஒரு பயன்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அதன் கொடிய முகமும் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் இங்கிருந்து மரம் வெட்டும் கூலிக்குப் போனவர்கள். ஊரில் பிழைப்பு இல்லாதபோது, சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் வழியாக மட்டும் ஆகிவிடுகிறது.

பெரிய சாலை தானாகவே உள்ளூருக்கு நன்மை தந்துவிடாது என்பதை 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை எதிர்த்த செங்கம், போளூர் பக்கத்து உழவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நிலம் போகும், வண்டிகள் நிற்காமல் போகும்.

மலைச்சாலைக்கு வனத்துறை தடை என்ற பதில் பல காலமாகச் சொல்லப்படுகிறது. காடு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைச் சாலை போன்றவற்றுக்கு ஒதுக்க இடம் தருகிறது; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. இந்தப் பிரிவைக் கையிலெடுத்துத் தீர்மானம் போடும் கிராமசபைகள் பெருக வேண்டும்.

ஆகவே சந்தவாசலிலிருந்து எழும் மனுவின் வரிசை மாற வேண்டும் என்கிறேன். முதலில் குடியிருப்புகளுக்கு ஏறும் பாதையும் அதில் ஓடும் மினிபஸ்ஸும். அதோடு சேர்ந்தே அடிவாரத்தில் புளிக்கும் சாமைக்கும் கிடங்கு. நெடுஞ்சாலை அகலப்படுத்தல் அவற்றுக்குப் பிறகு, சாலையோரக் கடைக்காரர்களுக்கு மாற்று இடமும் ஊருக்குள் பேருந்து நின்று போகும் உறுதியும் எழுத்தில் கிடைத்த பின்.