உழைக்கும் கரையும் கலையின் கண்ணும்

ஊர்ப் பெயர்களுக்குள் ஊரின் வரலாறு உறைந்து கிடக்கிறது. இராயபுரம் என்னும் பெயரில் புனித இராயப்பர் இருக்கிறார். திருவொற்றியூர் என்றதும் தியாகராசர் திருக்கோயிலும் கடலோரத்துப் பட்டினத்தார் சமாதியும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் கடந்து வடக்கே சென்றால் விம்கோ நகரை அடைகிறோம். இப்பெயரில் அடியாரும் இல்லை, அரசரும் இல்லை; ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. சுவீடன் நாட்டு முதலீட்டில் 1923இல் தோன்றிய ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்பதன் சுருக்கமே ‘விம்கோ’. அந்நிறுவனம் 2005இல் ஐ.டி.சி.யின் கைக்கு மாறிற்று. பெயர் மட்டும் முதலில் இரயில் நிலையத்தில் ஏறியது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து சுமார் 9 கி.மீ. நீண்ட மெட்ரோ பாதை திறக்கப்பட்டபோது மெட்ரோ நிலையத்தின் நெற்றியிலும் ஏறிவிட்டது.

உழைப்பின் பெயரைத் தாங்கி நிற்கும் இக்கரையை நம் கலைஞர்கள் எவ்வாறு கண்டிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் இப்பகுதியைத் தமிழ்நாடெங்கும் பேசவைத்த இரு படைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2017 சனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. மற்றொன்று, 2018 அக்டோபரில் வெளிவந்த வெற்றிமாறனின் ‘வட சென்னை’ திரைப்படம். ஒன்று எண்ணூர்க் கழிமுகத்தையும் மற்றொன்று அதற்குத் தெற்கே காசிமேட்டுப் பகுதியையும் களமாகக் கொண்டவை. விம்கோ நகர் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. எனவே இங்கு நின்று இரண்டையும் நோக்குவது பொருத்தமே.

முதலில் பாடலைப் பார்ப்போம். கபேர் வாசுகி எழுதிய சொற்கள் சென்னைப் பேச்சுத் தமிழில் அமைந்தவை. அவற்றை இராகமாலிகையாகக் கருநாடக இசையில் பாடினார் கிருஷ்ணா. சபா மேடைக்குரியதென்று கருதப்பட்ட இசையையும், அம்மேடை தீண்டத் தயங்கிய மொழியையும் ஒன்றாய் இணைத்தது துணிவான செயல். ‘புறம்போக்கு’ என்னும் சொல்லை மீட்டெடுத்தது அதனினும் பெரிய செயல். நிலவரிக் கணக்கில் புறம்போக்கு என்பது தனியொருவருக்கு உரிமையாகாத பொது நிலம்: ஆற்றங்கரை, ஏரிக்கரை, மேய்ச்சல் வெளி, கழிமுகம். காலப்போக்கில் அச்சொல் மனிதரை இழித்துரைக்கும் வசையாயிற்று. பொதுவானதைக் கேட்பாரற்றதென்று எண்ணும் ஒரு சமுதாயத்தில்தான் இத்தகைய பொருள் மாற்றம் நிகழ முடியும். ஒரு சொல்லின் வீழ்ச்சியைக்கொண்டே ஒரு நிலத்தின் வீழ்ச்சியைப் புலப்படுத்தியது அப்பாடலின் வெற்றி.

அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த எண்ணூர் நிலப்பரப்பில், முகமூடி அணிந்த பாடகரோடு அது படமாக்கப்பட்டது. அது வெளிவந்து இரண்டு வாரங்களே கழிந்திருந்தன. சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் களியாக ஒதுங்கியது. அதை அகற்ற வாளிகளோடு வரிசையாய் நின்றவர்களை நாடே தொலைக்காட்சியில் கண்டது. பாடல் முன்னறிவிப்பாக அமைந்துவிட்டதோ என்று கேட்டவர் பலரும் வியந்திருப்பர்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாடல் நிலத்தைப் பாடுகிறது, நியாயத்தை எடுத்துரைக்கிறது, நம் மனச்சான்றைத் தட்டி எழுப்புகிறது. ஆனால் அந்நிலத்தின்மேல் காலையில் எழுந்து வேலைக்குச் செல்லும் ஒரு தனி மனிதரின் முகம் அதில் தெளிவாக எழவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பனையோலைப் பறியில் சேர்க்கும் கழிமுகத் தொழிலை நேரில் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கழிமுகம் அழிகிறது என்பது ஒரு செய்தி. அந்தக் கைக்கு இன்று என்ன அகப்பட்டது என்பது வாழ்க்கை. செய்தியில் தொடங்கும் கலை வாழ்க்கையில் முடிய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது தவறாகாது.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். ‘வட சென்னை’ தமிழ்த் திரையின் குறிப்பிடத்தக்க ஆக்கங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஒரு கொலை, அதன் நிழலில் வளரும் பகைகள், சிறைச்சாலைக்குள் இயங்கும் அதிகாரம், கேரம் பலகையை விட்டு விலக இயலாது விலகும் அன்பு என்னும் இளைஞன் என்று கதை பல்லாண்டுகளுக்கு விரிகிறது. அக்கதையின் அடியில் ஒரு சாலை இருக்கிறது. மீனவர் குடியிருப்பை அகற்றிக் கடலோரமாகப் பெருஞ்சாலை அமைக்கும் திட்டத்தை இராசன் எதிர்க்கிறான். தன்னோடு இருந்தவர்களாலேயே கொல்லப்படுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின் அதே திட்டம் மீண்டும் வருகிறது. இம்முறை அன்பு மக்களைத் திரட்டி எதிர்க்க எழுகிறான். வளர்ச்சி என்பது அதிகாரிகளின் மேசையிலிருந்து நேராக மக்களிடம் வருவதில்லை. இடையில் ஊராருள்ளேயே ஒருவனை விலைக்கு வாங்கி, அவன் தோளில் ஏறி வருகிறது என்னும் உண்மையை இப்படம்போல் உறைக்கச் சொன்ன படங்கள் நம்மிடம் மிகச் சிலவே.

குறை எங்கே? இப்படத்தில் வரும் ஆண்களின் கைகளில் கத்தியைக் காண்கிறோம். வலையையோ திருப்புளியையோ அரிதாகவே காண்கிறோம். பெண்களுள் சந்திரா பழிக்காகவே உயிர் தரித்திருக்கிறாள். பத்மாவை அன்பின் காதலியாகவே பெரிதும் அறிகிறோம். கடற்கரை இருக்கிறது, கடல் தொழில் பின்னணியாக ஒதுங்கி நிற்கிறது. இத்தனை பேர் வாழும் ஓர் ஊரில் உலை எதனால் கொதிக்கிறது என்னும் கேள்விக்குப் படத்தில் போதிய விடை இல்லை.

படம் வெளிவந்தபோது தங்களைத் தவறாகக் காட்டிவிட்டதாக இப்பகுதி மக்களிடையே எதிர்ப்பு எழுந்ததும், இயக்குநர் வருத்தம் தெரிவித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அவ்வெதிர்ப்பில் ஒரு நுட்பம் இருந்தது. படகின்மேல் படமாக்கப்பட்ட நெருக்கமான காட்சி ஒன்று மீனவர்களைப் பெரிதும் புண்படுத்தியது. வெளியில் இருப்பவர்களுக்கு அது மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் படகு மீனவருக்குத் தொழிற்கூடம், சோறிடும் தாய், புயலில் உயிரைத் தாங்கும் பலகை. கலைஞரின் கண்ணுக்கு அது ஒரு காட்சித் தளமாக மட்டும் தெரிந்தது. அங்கே மோதிக்கொண்டவை ஒழுக்கமும் கலைச் சுதந்திரமும் மட்டுமல்ல. உழைப்பவரின் பார்வையும் பார்ப்பவரின் பார்வையும் மோதிக்கொண்டன.

“இது குற்ற உலகைப் பற்றிய படம், அதில் தொழிற்சாலைச் சங்கொலியைத் தேடலாமா?” என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஒரு படைப்பு எல்லாவற்றையும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரு நிலப்பகுதியின் முழுப் பெயரையே தலைப்பாகச் சூடிக்கொள்ளும் படைப்பு அப்பெயருக்குரிய கடனையும் ஏற்றாக வேண்டும். வேலைக்கான நேர்முகத்தில் தன் முகவரியைச் சொல்லத் தயங்கும் வட சென்னை இளைஞனுக்கு அக்கடன் எத்தகையதென்று தெரியும்.

இதைச் செய்ய முடியாதா என்றால், தமிழில் முன்னரே செய்திருக்கிறார்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்த சிறிய நாவல். தென்கரைக் கிறிஸ்தவ மீனவர் வாழ்வில் விசைப்படகு நுழையும் காலத்தை அது சித்திரிக்கிறது. வல்லத்தையும் வீட்டையும் விற்கச் சொல்கிறான் மகன். தந்தை குரூஸ் மிக்கேலின் மனம் அதற்கு இசைய மறுக்கிறது. வளர்ச்சி என்னும் பெரும்பொருள் அங்கு ஒரு வீட்டின் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. கட்டுமரம், காற்று, நீரோட்டம், மீன் வகை, பசி ஆகியவையே அங்கு கதையை நடத்துகின்றன. தொழிலைத் தெரிந்துகொண்டவரிடம் மனிதர்கள் தாமாகவே வந்து பேசுகிறார்கள் என்பதற்கு இவ்விரு நாவல்களும் சான்று. தென்கரைக்குக் கிட்டிய இந்தப் பேறு வட சென்னையின் ஆலைக்கரைக்கு இன்னும் அதே அளவில் கிட்டவில்லை என்பது என் கணிப்பு.

சொல்வதற்கு இங்கு என்ன குறைவு? 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் மணலோட்டத்தைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. நகரின் அழகும் இக்கரையின் இழப்பும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்தது, எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது, எம்.ஆர்.எஃப். இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கி டயருக்கு வந்தது. கடலுக்குப் போன தந்தையின் மகன் ஆலைக்குப் போனான். ஒரே வீட்டில் ஒருவர் காற்றைப் பார்த்தும், மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தும் எழுந்தனர். இது நாவலுக்குரிய பொருளன்றோ?

450 மெகாவாட் திறனுடைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். இவை யாவும் செய்தித்தாள்களில் வந்தன, வந்து மறைந்தன. அந்த இரவுக்குப் பின் விடிந்த காலையில் அடுப்பை யார் மூட்டினார், வேலைக்கு யார் போனார் என்று சொல்லும் ஒரு நல்ல சிறுகதையை நான் இன்னும் படித்ததில்லை.

மெட்ரோ வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி வியர்த்த பயணத்தை அறிந்தவர் எவரும் குளிர்ந்த பெட்டியைப் பழிக்கமாட்டார். ஆனால் இரயில் தூண்களின்மேல் ஏறி வடக்கே வரும்போது பயணிக்குத் தெரிவது கூரைகள். கூரையின் கீழே அன்னக்கூடையில் மீனை அடுக்கும் கையும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்க முயலும் உடலும் தெரிவதில்லை. திட்ட வரைபடத்திலும் அவை தெரிவதில்லை. என் ஆதங்கமெல்லாம் இதுதான்: வளர்ச்சியை எதிர்க்கும் கலையும் வளர்ச்சியைத் தீட்டும் வரைபடமும் ஒரே உயரத்தில் நின்று பார்த்தால், கீழே இருப்பவர்க்காகப் பேசுவது யார்? பரிதாபத்துக்குரியவர் என்றோ பயங்கரமானவர் என்றோ ஒருவரைக் காட்டிவிட்டால், அவரை அப்புறப்படுத்துவது எளிதாகிவிடுகிறது. திறமையுடையவர், நாள்தோறும் ஒன்றை ஆக்குபவர் என்று காட்டிவிட்டாலோ, அவரை அகற்ற வருபவர் ஒரு கணமேனும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பாடலும் படமும் கதவைத் திறந்துவிட்டன; அதற்கு நன்றி கூறுவோம். வீட்டுக்குள் நுழைந்து எழுதவேண்டியவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். இவ்விதழைப் படிக்கும் இளைஞர்களுள் ஒருவரது தந்தை ஆலையில் சங்கு ஊதும் நேரத்தை அறிந்திருப்பார். ஒருவரது பாட்டி கழிமுகத்து இறாலின் பருவத்தை அறிந்திருப்பார். அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீக்குச்சி செய்த ஊர் இது. எழுத ஒரு சுடர் இங்கே கிடைக்காமற் போகாது.